இருபத்தொன்றாம் நம்பர் கால்

மணிச் சித்தியின் பெயர் மணி இல்லை. அலுவலக அடையாள அட்டையில் வேறொரு நீளமான பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க ஒரு கணம் யோசிப்பாள். மணி என்று பெயர் வைத்தவள் அவளுடைய அக்காள் மகள், பேச்சு வந்த புதிதில். சித்தியின் கையில் ஒரு பேனா அகப்பட்டால் போதும், எதிரே இருப்பது பேருந்துச் சீட்டோ, பழைய உறையோ, ஆவி படிந்த சமையலறைக் கண்ணாடியோ, ஒரு மேட்டை வரைந்துவிட்டுத்தான் மறுவேலை. கண்ணாடிக்குப் பேனாகூட வேண்டாம், விரலே போதும். இடது ஓரத்தில் தரையோடு தரையாகத் தொடங்கி, மெல்ல ஏறி, நடுவில் உருண்டு, ஏறிய மாதிரியே வலப்பக்கம் இறங்கி மறுபடி தரையோடு சேர்ந்துவிடும் கோடு. குழந்தைக்கு அது பள்ளிக்கூட மணியாகத் தெரிந்திருக்கிறது. மணி, மணி என்று கைதட்டியது. அன்று ஒட்டிய பெயர் இன்றுவரை கழலவில்லை. தெருமுனைக் கடைக்காரர்கூட "மணிச் சித்தி, மீதிச் சில்லறை" என்றுதான் கூப்பிடுகிறார். அவர் சித்தியைவிட நன்றாகவே மூத்தவர்.

கணக்குப் புத்தகங்கள் அந்தக் கோட்டுக்கு இயல்நிலைப் பரவல் என்று வாய் நிறையப் பெயர் வைத்திருக்கின்றன. சித்தி சொல்லும் விதம் வேறு.

"எதை வேணா நிறைய தடவை அளந்து பாரு. நடுவுல கூட்டம் நெரியும். ஓரத்துக்குப் போகப்போக ஆள் குறையும். கடைக்கோடியில ஒண்ணு ரெண்டு பேர் ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அவ்வளவுதான் விஷயம்."

அவள் வேலை பார்ப்பது ஒரு பேருந்து நிறுவனத்தின் கால அட்டவணைப் பிரிவில். எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்துக்கு எப்போது வரும் என்று எழுதி ஒட்டுகிறவர்கள். அவள் சேருவதற்கு முன் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒரு தடத்தில் பேருந்து போய்ச் சேரச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதையே அட்டவணையில் போட்டுவிடுவார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சித்தி வந்த சில நாளிலேயே தன் மேட்டை வரைந்து, நடுவில் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

"சராசரிங்கறது இந்த நடுக்கோடு சார். இதுக்கு வலப்பக்கம் பாருங்க, பாதி மேடு அப்படியே கிடக்கு. பாதி நாள் பஸ் லேட்டாத்தான் வரும்னு நாமளே கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்கோம்."

மேலதிகாரி முதலில் முறைத்தார். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு டீ வாங்கிக் கொடுத்தார். நேரம் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் சிதறுகிறது என்பதற்கும் ஓர் அளவு உண்டு, திட்ட விலக்கம் என்று பெயர். சராசரியோடு அதையும் கூட்டிப் புது அட்டவணை போட்டார்கள். நிறுத்தங்களில் திட்டு குறைந்தது. ஓட்டுநர்கள் சித்தியைத் தெருவில் கண்டால் இன்றும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். அக்காள் வீட்டு மாடி அறையில் அவள் குடியிருக்கிறாள். குளியலறை கீழே, எல்லாருக்கும் ஒன்றே ஒன்று. அத்தான் உள்ளே போனால் பாட்டு முடிந்துதான் வெளியே வருவார். அவர் குளிக்கும் நேரத்தைச் சித்தி சில வாரம் கவனித்து, கதவில் ஒரு மேட்டை ஒட்டி, "இந்தக் கோட்டைத் தாண்டினா தட்டுவோம்" என்று எழுதி வைத்தாள். அத்தானுக்கு ரோஷம் வந்து சீக்கிரமே வெளியே வர ஆரம்பித்தார். சித்தி படத்தை மாற்றி வரைய வேண்டியதாயிற்று.

கல்யாணத்தைப் பற்றி யாராவது வாயெடுத்தால் அதற்கும் பதில் தயார். "நடுவுல இருந்த கூட்டமெல்லாம் போயாச்சு. இனிமே ஓரத்துல இருக்கறவங்கதான் பாக்கி. பேச சுவாரசியமா இருப்பாங்க, ஆனா வீட்டுக்குள்ள வெச்சுக்க முடியாது." கேட்டவர் சிரித்து முடிப்பதற்குள் அவள் மாடியேறிப் போயிருப்பாள்.

இப்படி ஊர் வாயை அடைக்கத் தெரிந்தவளைக் கவிழ்த்துப்போட்டது வேறு யாருமில்லை, அவளுடைய அருமை மேடுதான்.

அவளுடைய அக்காள் பல வருஷம் ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவள். வருகிறவர் முகமெல்லாம் கவலை முகம். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, "சிரிச்ச முகமா நாலு பேரைப் பாக்கணும். ஸ்கேட்டிங் ஹால் போடப் போறேன்" என்றாள். அத்தான் திகைத்துப் போனார். சித்தி திகைக்கவில்லை. அவளுக்கு அந்த ஆசையின் பூர்வீகம் தெரியும்.

சின்ன வயதில் அக்கா தங்கை இருவருக்கும் சேர்த்து அப்பா ஒரே ஒரு ஜோடி ஸ்கேட்ஸ் வாங்கி வந்தார். இருவர் காலையும் ஒரு பார்வை பார்த்து, ரெண்டு பேருக்கும் ஆகட்டும் என்று நடுவாக ஒரு அளவு. அக்காவுக்கு விரல் மடங்கியது. தங்கைக்கு உள்ளே காகிதம் திணிக்க வேண்டியிருந்தது. இருவரும் ஆளுக்கு ஒரு காலில் மாட்டிக்கொண்டு, கையைக் கோத்துக்கொண்டு, வெறுங்காலால் தரையை உந்தி உந்தி சிமெண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக அக்காவைச் சித்தி அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

ஒரு வணிக வளாகத்தின் மேல்தளத்தில் இடம் கிடைத்தது. அத்தான் எலக்ட்ரீஷியன் என்பதால் விளக்கு, வயரிங் எல்லாம் வீட்டோடு முடிந்தது. ஆனால் கட்டட மேனேஜர் லேசுப்பட்ட ஆள் இல்லை. அதே இடத்தை ஒரு சோபா கடைக்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார். டேப்பைக் கொண்டுவந்து சுவரைக்கூட அளந்துவிட்டுப் போயிருந்தார். மேனேஜர் அக்காவிடம் நேராகவே சொன்னார். "சாமானெல்லாம் வந்ததும் ஒரு ஞாயித்துக்கிழமை திறந்துக்கங்க. அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பாப்பேன். தளம் நிறைஞ்சிருந்தா உங்களுக்குக் கையெழுத்து. காத்து வாங்கிச்சுன்னா சோபாவுக்கு. மனசுல வெச்சுக்காதீங்கம்மா, எனக்கும் மேல ஆள் இருக்கு."

ஆக, எல்லாம் முதல் வாரத்தில் இருந்தது. முக்கியமான கேள்வி, ஸ்கேட்ஸ். திருகி நீட்டிக் குறைக்கும் ரகம் வாடகைக்கு விட்டால் சீக்கிரம் ஆடிப்போகும் என்று, பூட்ஸோடு சேர்ந்த நல்ல ரகமே வாங்குவதாக முடிவாகியிருந்தது. எந்த நம்பரில் எத்தனை ஜோடி?

"எல்லா நம்பரும் சமமா வாங்கிப் போடு. யார் வந்தாலும் இல்லேன்னு சொல்ல வேண்டாம்" என்றார் அத்தான், ஏணிமேல் நின்றபடி.

"உங்க கால் நம்பருக்கு அடுத்த ஆள் வர்றதுக்குள்ள சக்கரம் துருப்பிடிச்சுடும் அத்தான். கால்னா மேடுதான். நடுவுல நிறைய, ஓரத்துல கொஞ்சம்."

"என் கால் ஓரத்துல இருக்குன்னு உனக்கு இளப்பம்."

"அவ சொன்னா சொன்னதுதாங்க" என்றாள் அக்கா. "பஸ்ஸையே நேரத்துக்கு வர வெச்சவ. கால் என்ன பிரமாதம்?"

அந்த வார்த்தையில் சித்திக்கு உச்சி குளிர்ந்தது. அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு, ஒரு புதன்கிழமை முற்பகல் வளாகத்தின் வாசலில் ஒரு பலகையோடு போய் நின்றாள். பலகையில் பாத நீளத்துக்குக் கோடு போட்டிருந்தாள். ஸ்கேட்ஸ் கம்பெனிக்காரர்கள் பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து அதையேதான் நம்பராகப் போடுவார்கள். காலை வைத்தால் ஒரு மிட்டாய். தாய்மார்கள் வைத்தார்கள், இடுப்பிலிருந்து இறங்கிய குழந்தைகள் வைத்தார்கள், கல்லூரிக்கு மட்டம் போட்ட கும்பல் ஒன்று மிட்டாய்க்காக இரண்டு காலையும் வைத்தது. சித்தி ஒவ்வொரு நம்பரையும் கால்குலேட்டரில் தட்டித் தட்டி ஏற்றினாள். காகிதத்தில் குறிக்கவில்லை. எதற்கு? சராசரியையும் சிதறலையும் கருவியே சொல்லிவிடும். சொன்னது. சராசரி, இருபத்தொன்று.

"படம் போட்டுப் பாக்காம கணக்கை நம்பாதீங்க" என்று அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களை வறுத்தெடுப்பவள் அவள். இங்கேயும் படம் போட்டாள், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் வழக்கமான மேட்டை முதலில் வரைந்து வைத்துவிட்டு, அப்புறம் நடுவில் இருபத்தொன்றைக் கொண்டுபோய் உட்கார வைத்தாள். எண்கள் என்ன உருவத்தில் கிடக்கின்றன என்று அவற்றிடம் கேட்கவே இல்லை. பழக்கதோஷம்தான், வேறென்ன? இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டில் மலையாகவும் இரண்டு பக்கமும் சரிவாகவும் ஆர்டர் போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹால் திறந்தது. அத்தான் கட்டிய வண்ண விளக்குகள் சுழன்றன, பாட்டு அதிர்ந்தது, கூட்டமும் வந்தது. நீளமான அலமாரியில் நம்பர் வரிசைப்படி ஸ்கேட்ஸ் அடுக்கியிருந்தது. ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு அடுக்கு, சின்னது இடக்கோடியில், பெரியது வலக்கோடியில். அக்காவின் வாயெல்லாம் பல்.

முதல் பாட்டு முடிவதற்குள் சிக்கல் வந்துவிட்டது.

"குழந்தைக்குப் பதினேழு குடுங்க" என்றாள் ஒரு தாய்.

"பதினேழு தீந்துபோச்சும்மா. இருபத்தொண்ணு இருக்கு."

"இருபத்தொண்ணுல என் குழந்தை குடியே இருக்கலாம்."

அடுத்தது ஒரு வாட்டசாட்டமான ஆள். இருபத்தைந்தும் இருபத்தாறும் அப்போதே போய்விட்டிருந்தன. ஒரு இருபத்து மூன்றை வாங்கிக் காலைத் திணித்துப் பார்த்தார். "விரலையெல்லாம் வீட்டுல கழட்டி வெச்சுட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டு, காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம், அதற்குப் பின்னால் இன்னொன்று. அக்கா எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாள். சித்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாதித் தளத்தில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தனை பேர் திரும்பிப் போன ஹாலில் ஒரே ஒருத்தி மட்டும் ராணி மாதிரி வலம்வந்துகொண்டிருந்தாள். பெயர் வைத்தாளே, அந்த அக்காள் மகள். இப்போது அவளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் மாறி வந்து இன்னும் தோழி என்று ஒருத்தி வாய்க்கவில்லை. போதாததற்குக் காலணி தொல்லை வேறு. குழந்தைகள் கடைக்குப் போனால், "இவ்வளவு பெரிய காலுக்கு இங்க இல்லையே பாப்பா" என்பார்கள். பெரியவர்கள் கடைக்குப் போனால், "இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு வா" என்பார்கள். அவளுடைய காலுக்கு எங்கேயுமே இடமில்லை. அதனால்தான் அன்று தலைகால் புரியாமல் கத்தினாள்.

"சித்தி! என் சைஸ்ல மலை மாதிரி கிடக்கு! இருபத்தொண்ணு! எதை வேணா எடுத்துக்கலாம்!"

சித்தி அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். இடப்பக்கம் சின்ன நம்பர்களில் ஒரு பெரிய ஓட்டை. வலப்பக்கம் பெரிய நம்பர்களில் இன்னொரு ஓட்டை. நடுவில் கை படாமல், அச்சில் வார்த்த மாதிரி, அவளுடைய மேடு. ஓட்டை விழுந்த இடங்களில்தான் ஊர் ஜனம் இருந்தது. மிச்சமிருந்தது முழுக்க அவளுடைய கற்பனை.

ஹாலை மூடிய பிறகு அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ முடிச்சுப் போட்டுவிட்டுப் போன லேஸ்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை. தன்னை நம்பி வேலையை விட்டவளில்லை என்றாலும், தன்னை நம்பி ஆர்டர் போட்டவள்.

"தப்பு என்னோடதுக்கா" என்றாள். "காலுக்கு ஒரு மணின்னு நெனச்சேன். அன்னிக்கி வாசல்ல வந்தது ரெண்டு கூட்டம். சின்னக் குழந்தைங்க ஒரு மணி, பதினேழு பக்கம். பெரியவங்க ஒரு மணி, இருபத்தஞ்சு பக்கம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கினா சராசரி நடுவுல வந்து நிக்குது. அந்த நடுவுல ஆளே இல்ல. பள்ளம். நான் பள்ளத்துல போய் மலையைக் கட்டி வெச்சிருக்கேன்."

அக்கா லேஸை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏண்டி, அப்பா நமக்கு வாங்கிட்டு வந்த மாதிரியா?"

சித்திக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. ஏணியில் நின்று பல்பைக் கழற்றிக்கொண்டிருந்த அத்தான், "சோபா கடை வரப்போகுது, ரெண்டு பேரும் இளிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்றார். சமமாக வாங்கச் சொன்னேனே என்று அவர் சொல்லிக் காட்டவில்லை. அப்படி வாங்கியிருந்தாலும் பாதி நடுவில்தான் கிடந்திருக்கும் என்பது அவருக்கும் அலமாரியைப் பார்த்ததில் புரிந்திருந்தது. நல்ல மனிதர்.

கம்பெனிக்கு போன் போட்டார்கள். ஓரத்து நம்பர்கள் அனுப்புகிறோம், ஆனால் அடுத்த மாதம்தான் என்றார்கள். வெள்ளிக்கிழமையோ கூப்பிடு தூரத்தில் நின்றது.

"எனக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள் அக்காள் மகள், காலில் சக்கரத்தோடு பெஞ்சைச் சுற்றி வந்தபடி. "எங்க கிளாஸ்ல எல்லாருக்குமே ஏறக்குறைய என் கால்தான். அவங்களுக்கு இப்படி ஒரு ஹால் இருக்கறதே தெரியாது. அன்னிக்கி விளையாட்டுப் பீரியட்ல ஷூவைக் கழட்டி ஒரே குவியலாப் போட்டோம், யாருது எதுன்னு தெரியாம ஒரே அடிதடி."

சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். புதன்கிழமை முற்பகல்! பத்து வயதுப் பிள்ளை அந்த நேரத்தில் கடைத்தெருவில் எப்படி இருக்கும்? பள்ளிக்கூடத்தில் அல்லவா உட்கார்ந்திருக்கும்! தாய் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற குட்டிகளையும், தானாகச் சுற்றுகிற பெரியவர்களையும் மட்டும் அளந்துவிட்டு, இடையில் ஒரு உலகமே இருப்பதை மறந்துவிட்டாள். பள்ளம் என்று அவள் சொன்ன இடத்தில் ஒரு மூன்றாவது மணி இருக்கவேண்டும்.

"பாத்தியா, உங்க கிளாஸ்தான் என் மலை!" என்று சொல்ல வாயெடுத்தவள், சட்டென்று அடக்கிக்கொண்டாள். ஒரு நாளில் இரண்டு தடவை மூக்குடைபட அவளுக்கு விருப்பமில்லை. "மொதல்ல அளந்து பாப்போம்" என்றாள்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியையின் முன்னால் நின்றாள். அந்த அம்மாள் எதையும் நின்றுகொண்டே கேட்டு நின்றுகொண்டே முடிக்கிற ரகம். ஸ்கேட்டிங், கால் நம்பர், மூன்றாவது மணி என்று சித்தி மூச்சுவிடாமல் சொன்னதில் பாதி அவருக்குப் புரியவில்லை.

"விளையாடக் கூப்பிடறீங்களா, கணக்குப் பாடம் நடத்தறீங்களா?"

"ரெண்டும்தான் டீச்சர். ஒரு பாடவேளை மட்டும் முற்றத்தைக் குடுங்க. அது சரியா வரலைன்னா நானே திரும்பிப் போயிடறேன்."

சித்தி முற்றத்தில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போட்டு, அதன்மேல் பதினெட்டிலிருந்து இருபத்து நாலுவரை நம்பர்களை இடைவெளி விட்டு எழுதினாள். நாலு, ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பலகையில் காலை வைத்து, தங்கள் நம்பருக்குப் பின்னால் போய் வரிசையாக நின்றார்கள். "டேய், உன் கால் பொய் சொல்லுது, மறுபடி வை" என்று ஒருவனை ஒருவன் விரட்டினான். தள்ளுமுள்ளு, சிரிப்பு, கணக்கு வாத்தியார் விசிலை வாயில் வைத்தவர் ஊத மறந்துபோனார்.

மாடிப்படியில் ஏறி நின்று பார்த்தபோது, தலைகளால் ஆன ஒரு மேடு தெரிந்தது. இரண்டு ஓரங்களிலும் கைவிரலில் எண்ணிவிடலாம். உள்ளே வர வர வரிசை நீண்டு, நடுவில் இருபத்தொன்றாம் நம்பருக்குப் பின்னால் இருந்த வரிசை சுவரை முட்டிக்கொண்டு நின்றது. வாழ்க்கை முழுக்கக் காகிதத்தில் வரைந்த கோடு, இரட்டைச் சடையும் கலைந்த கிராப்புமாக, கத்திக்கொண்டும் கிள்ளிக்கொண்டும் அங்கே உயிரோடு நின்றது. சித்திக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நீண்ட வரிசையின் நட்டநடுவில் அக்காள் மகள் நின்றாள், முன்னால் ஒருத்தியும் பின்னால் ஒருத்தியும் அவளோடு எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருக்க.

"அடேயப்பா" என்றார் தலைமையாசிரியை. "இதை நான் போர்டுல வரைஞ்சா எல்லாம் தூங்கிடும். சரி, வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியட் விளையாட்டுதான். வீட்டுல சம்மதம் வாங்கிட்டுக் கூட்டிட்டு வரோம். எனக்கு இருபத்து நாலு இருக்குமா?"

"உங்களுக்குன்னு எடுத்து வெச்சுடறேன் டீச்சர்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் லிஃப்டிலிருந்து வெளியே வந்தபோது, சத்தம்தான் அவரை முதலில் வரவேற்றது. தளத்தில் விழ இடமில்லை. விழுந்தவர்களும் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொண்டு கும்பலாகத்தான் விழுந்தார்கள். கணக்கு வாத்தியார் சுவரைக் கட்டிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். தலைமையாசிரியை, யாரும் எதிர்பார்க்காத விதத்தில், பின்பக்கமாகவே வட்டமடித்தார். அக்கா கவுண்டரில் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தாள். ஆனால் மேனேஜரைக் கண்டதும் கையிலிருந்த ஸ்கேட்ஸை நெஞ்சோடு அணைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

மேனேஜர் ஒரு சுற்று பார்த்தார். "இந்தச் சத்தம் தினமும் இருக்குமா?"

"இந்தப் பள்ளிக்கூடம் வாராவாரம் வரும் சார்" என்றாள் அக்கா. "இன்னும் ரெண்டு பள்ளிக்கூடத்துல கேட்டிருக்காங்க. அடுத்த மாசம் சின்ன நம்பர், பெரிய நம்பர் எல்லாம் வந்துடும்."

"அப்ப சோபாக்காரர்கிட்ட வேற இடம் பாக்கச் சொல்லிடறேன்" என்றார் அவர். காகிதத்தை எடுத்துக் கவுண்டரிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எனக்கு இருபத்தேழு இருக்குமா?" என்று கேட்டார். அத்தான் பெருமையோடு தன் சொந்த ஜோடியைக் கழற்றிக் கொடுத்தார். ஓரத்தில் தனியாக இல்லை என்று தெரிந்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சித்தி அலமாரியைப் பார்த்தாள். இப்போது ஓட்டை நடுவில் இருந்தது. அவள் கட்டிய மலை அடியோடு காணாமல் போயிருந்தது. உடம்பிலிருந்து ஒரு வாரத்துப் பாரம் இறங்கின மாதிரி பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அக்காள் மகள் கவுண்டருக்கு ஓடி வந்தாள். இவ்வளவு நேரமும் மற்றவர்களுக்கு லேஸ் கட்டிவிடுவதிலேயே கழிந்திருந்தது. அவள் இன்னும் வெறும் சாக்ஸோடுதான் நின்றாள்.

"அம்மா, இருபத்தொண்ணு."

அக்கா திரும்பி அலமாரியைத் துழாவினாள். கீழே குனிந்து பெட்டிகளுக்குள் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் விழுந்துவிட்டிருந்தது. "ஐயோ கண்ணு, இருபத்தொண்ணு ஒண்ணுகூட இல்லையேடா."

சித்திக்குப் பகீர் என்றது. காலம் முழுக்க "உன் சைஸ் இல்லை" என்று கேட்டே வளர்ந்த குழந்தை. சொந்த அம்மாவின் கடையிலும் அதே பதில். ஒரு ஜோடியை எடுத்து வைக்கத் தோன்றவில்லையே! தலைமையாசிரியைக்கு எடுத்து வைக்கத் தெரிந்தது. சித்தி எழுந்து கவுண்டருக்கு ஓடினாள்.

பெண் அழவில்லை. அலமாரியைப் பார்த்தாள், தளத்தைப் பார்த்தாள், மறுபடி அலமாரியைப் பார்த்தாள். கண் அகலமாக விரிந்தது.

"என் சைஸ் தீந்துபோச்சா?"

"ஆமாண்டா தங்கம், கொஞ்சம் பொறுத்துக்கோ, யாராவது..." என்று தொடங்கினாள் அக்கா.

"சித்தி! என் சைஸ் தீந்துபோச்சாம்! எல்லாரும் போட்டிருக்காங்க!" அவள் கைப்பிடிக் கம்பியருகே ஓடிப்போய்த் தளத்தைப் பார்த்துக் கத்தினாள். "ஏய், என் சைஸ் தீந்துபோச்சுடி! எல்லாம் உங்க கால்ல இருக்கு!"

அன்று பள்ளிக்கூட முற்றத்தில் அவளுக்கு முன்னால் நின்ற இரட்டைச் சடைக்காரி வட்டத்திலிருந்து விலகி, கம்பியைப் பிடித்து நின்றாள். என்ன விஷயம் என்று கேட்டாள். பிறகு ஒன்றும் யோசிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, இடது காலின் லேஸை அவிழ்த்து, ஸ்கேட்ஸைக் கழற்றி நீட்டினாள்.

"இந்தா, ஒண்ணு நீ போட்டுக்கோ. கையைப் பிடிச்சுக்கிட்டுப் போவோம்."

இருவரும் கையைக் கோத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு காலில் சக்கரம், மறுகாலில் சாக்ஸ். உந்தி, தடுமாறி, ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, கூட்டத்துக்குள் புகுந்து போனார்கள்.

அக்கா கவுண்டரை விட்டு வெளியே வந்து தங்கையின் பக்கத்தில் நின்றாள். அவள் கை எப்போது தன் கைக்குள் வந்தது என்று சித்திக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு பேரும் ஒரு முழு வட்டம் முடித்து, சிரித்துக்கொண்டே அவர்களைக் கடந்து போகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"பாத்தியாடி" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரெண்டு பேருக்குமே சரியா இருக்கு."